அஸருக்கு விரலைக் குத்துங்கள்!

காலையில் 108. ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டருக்கும் நிம்மதி, கிளினிக் கொப்பியை மடித்துக்கொண்டு வெளியே வருகிறவருக்கும் நிம்மதி. அன்றைக்கே அஸர் பாங்கு சொல்லும் நேரம் அதே மனிதரின் விரலைக் குத்திப் பார்த்தால் 320 காட்டக்கூடும். இரண்டு எண்ணும் உண்மைதான். இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: காலைச் சாப்பாட்டோடு அவர் விழுங்கிய சின்னஞ்சிறு வெள்ளைக் குளிசை. பிரட்னிசலோன். ஸ்டெரொயிட்.

கல்முனைக் கரையில் சீனி வருத்தத்தோடு வாழும் ஒருவருக்குத் தொய்வுக்கோ, மூட்டு வீக்கத்துக்கோ, தோல் வருத்தத்துக்கோ, சிறுநீரகத்துக்கோ இந்தக் குளிசையை எழுதிக் கொடுத்திருந்தால், நான் அவரிடம்தான் பேசுகிறேன். அவருக்கு எழுத்து வாசிக்கச் சிரமம் என்றால், வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மருந்து எடுத்துக் கொடுக்கிற மகள் இதை வாசியுங்கள். நம்முடைய ஊர்களில் கலியாணம் முடித்த மகள் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருகிறார். ஆகவே கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பெற்றவர்களின் மருந்துப் பெட்டி மகளின் கையில்தான் இருக்கிறது. அந்தக் கைக்குப் பலம் சேர்க்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் வெட்கத்தைத் தூக்கி எறியுங்கள்! சீனி கூடியதும் வீட்டில் எழும்புகிற முதல் கேள்வி என்ன? “வாயைக் கட்டேலாதா?” பக்கத்து வீட்டு மாமி கேட்பார், கடைக்குப் போனால் காக்கா கேட்பார், சில இடங்களில் வெள்ளைக் கோட்டுப் போட்டவரும் கேட்பார். கேட்கக் கேட்க மனிதர் குன்றிப் போகிறார். களவாகத் தின்றவரைப் போலத் தலை குனிகிறார். அடுத்த கிளினிக்குக்கு முதல் நாள் இரவு பட்டினி கிடந்து, காலைச் சோதனையில் நல்ல பிள்ளையாகப் பேர் வாங்கி வருகிறார். ஒரு மருந்து செய்த வேலைக்கு ஒரு மனிதர் ஏன் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும்? நேற்றுத் தின்ற அதே ஒரு கோப்பைச் சோற்றை இன்றைக்கும் தின்று, நேற்று 170 காட்டிய மீட்டர் இன்றைக்கு 300 காட்டினால், சோற்றை மட்டும் திட்டி என்ன பயன்?

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தவரை யாரும் குனிய வைக்க முடியாது.

நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்த மாதிரி இரண்டு சுரப்பிகள். அவை கோர்டிசோல் என்ற ஹோர்மோனைத் தினமும் சுரக்கின்றன. குளிசைக் கணக்கில் சொன்னால், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரட்னிசலோனுக்குச் சமம். டொக்டர் 40 மில்லிகிராம் எழுதினால், உடம்பு தானாகச் செய்வதைப் போல எட்டு மடங்கு உள்ளே போகிறது. கோர்டிசோல் ஆபத்துக் காலத்து ஹோர்மோன். அது கூடினால், ஏதோ பெரும் ஆபத்து வந்துவிட்டது, எரிபொருள் வேண்டும் என்று உடம்பு முடிவு செய்கிறது. கல்லீரல் புதிதாகச் சீனியைச் செய்து இரத்தத்தில் கொட்டுகிறது. தசையும் கொழுப்பும் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கின்றன, சீனியை உள்ளே எடுப்பதில்லை. இன்சுலின் சுரக்கிற கணையமும் தடுமாறுகிறது. போதாததற்குப் பசியும் கூடுகிறது. சீனி வருத்தம் இல்லாதவருடைய கணையம் ஓடியாடிச் சமாளித்துவிடும், சில வேளை அதற்கும் ஏலாமல் போகும். ஏற்கெனவே களைத்துப் போன கணையத்தோடு வாழ்கிறவருக்கு இது மலையேற்றம். இதில் உங்கள் நாக்கின் குற்றம் எங்கே இருக்கிறது?

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1936இலேயே அமெரிக்காவில் லாங், லூக்கன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், கணையம் நீக்கப்பட்ட பூனைகளின் அந்தச் சிறுநீரகத் தொப்பிச் சுரப்பிகளையும் எடுத்துவிட்டால் சீனி வருத்தம் தணிகிறது என்று காட்டிவிட்டார்கள். இந்த வகை ஸ்டெரொயிட்டை மூட்டு வாதத்துக்கு மருந்தாகக் கொடுத்தது அதற்கும் 12 வருடம் கழித்து. 1948 செப்டெம்பரில், மினசோட்டாவிலுள்ள மேயோ கிளினிக்கில், மூட்டு வாதத்தால் கட்டிலோடு கிடந்த ஓர் இளம் பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் என்ற டொக்டர் கோர்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களிலேயே அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. 1955 அளவில் பிரட்னிசலோன் கடைக்கு வந்தது. ஆக, இந்த மருந்து சீனியைத் தொடும் என்பது மருந்து பிறப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம். உலகத்துக்குத் தெரிந்தது உங்களுக்கு மட்டும் ஏன் தெரியாமல் இருக்க வேண்டும்?

இப்போது மணிக்கூட்டுக்கு வருவோம்.

காலை எட்டு மணிக்குப் பிரட்னிசலோன் போடுகிறீர்கள். அது சீனியை ஏற்றுகிற வேகம் நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு, எட்டு மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு வருகிறது. அதாவது லுஹர் தொழுகையிலிருந்து அஸர் தாண்டும் வரை. நம் ஊரில் சோறு தின்கிற நேரம் எது? லுஹர் தொழுதுவிட்டு, ஒன்று, ஒன்றரை. மருந்தின் உச்சமும் சோற்றுக் கோப்பையும் ஒரே நேரத்தில் சந்திக்கின்றன! மஃரிப், இஷா என்று இரவு ஏற ஏற மருந்தின் பிடி தளர்கிறது. சுபஹுக்கு எழும்பும்போது சீனி இறங்கி, ஒன்றும் நடக்காதது போல நிற்கிறது. அந்த நேரம் பார்த்து வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கிறோம். 108 வருகிறது. அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். எல்லோரும் வீட்டுக்குப் போகிறோம்.

வெறும் வயிற்றுச் சோதனையை நான் குறை சொல்லவில்லை. வழக்கமான சீனி வருத்தத்தைப் பிடிக்க அது நல்ல சோதனை. காலை ஸ்டெரொயிட் ஏற்றுகிற சீனியை அதனால் பிடிக்க முடியாது, அவ்வளவுதான். மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற எச்.பி.ஏ.1சி சோதனையும் பத்து நாள் உச்சத்தைப் பெரும்பாலும் காட்டிக் கொடுக்காது. பிடிக்க வேண்டிய நேரம், சோறு தின்று இரண்டு மணித்தியாலம் கழித்து. கணக்குப் பண்ணிப் பாருங்கள், அதுதான் அஸர். பிரித்தானிய நீரிழிவு வழிகாட்டிகளும் இதைத்தான் சொல்கின்றன: காலை ஸ்டெரொயிட் எடுப்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு சோதனைதான் என்றால், அதைப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகோ இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ செய்யுங்கள் என்கின்றன. பாங்குச் சத்தம் கேட்கிற ஊரில் இருக்கிற நமக்கு அலாரம் கூடத் தேவையில்லை.

சோதனை ஸ்ட்ரிப் விலை கூடிவிட்டது என்பீர்கள். உண்மை. 2022 நெருக்கடிக்குப் பிறகு மருந்து வாங்குவது எவ்வளவு வலி என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறேன், இருக்கிற ஒரு ஸ்ட்ரிப்பைக் காலையில் வீணாக்காதீர்கள். அஸருக்கு வையுங்கள்! குத்துவதற்கு முன் கையைக் கழுவித் துடையுங்கள். பேரீச்சம்பழமோ மாம்பழமோ தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் உங்களைப் பயமுறுத்தும். வந்த எண்ணைத் திகதியோடும் நேரத்தோடும் அன்றைக்கு எத்தனை குளிசை போட்டீர்கள் என்பதோடும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம், அந்த நாலு விஷயம் போதும்.

“எனக்கு இதெல்லாம் விளங்காது, நான் படிக்காதவன்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சாதாரண நாளையே எடுங்கள். மருதமுனையில் தறியில் குந்தி இழை பிசகாமல் சாரன் நெய்கிறவர்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்தா நெய்கிறார்கள்? சம்மாந்துறை வெள்ளாமைக்காரருக்குக் கல்லோயாத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று தெரியாதா? கச்சான் காற்று எழும்புகிற பருவமும் கடல் இரைகிற நாளும் தோணிக்காரருக்கு யார் எழுதிக் கொடுத்தது? நேரம் பார்த்துப் பிழைக்கிற மக்கள் நாம். ஒரு குளிசையின் நேரம் நமக்கு எட்டாத வித்தையா?

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு இடத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன்: சஹன். வலீமா வீட்டில், கந்தூரியில், ஒரே தாம்பாளத்தைச் சுற்றி ஆறு பேர் குந்துகிறோம். அழகான பழக்கம், விட வேண்டியதில்லை. ஆனால் சஹனில் நீங்கள் எவ்வளவு தின்றீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. பக்கத்தில் இருக்கிற மச்சான் இறைச்சித் துண்டைத் தள்ளிவிடுவார், சோறும் கூடவே வரும். நேரமோ பகல் ஒன்றரை, ஸ்டெரொயிட்டின் உச்சம். அதற்குப் பிறகு வட்டிலப்பம். ஸ்டெரொயிட் போடுகிற கிழமைகளில் வாயைத் திறந்து சொல்லுங்கள்: “எனக்கு வேறயாக ஒரு கோப்பையில் தாங்க.” யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் கோபிக்கட்டும், அவருடைய கோபம் நாலு நாளில் ஆறும்! சோற்றைக் குறைத்து மீனையும் கீரையையும் கூட்டுங்கள். தேத்தண்ணியில் சீனியை விடுங்கள், பிளேன்டீயை இஞ்சியோடு குடித்தால் அதுவும் ருசிதான். அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைப் பக்கம் அரை மணித்தியாலம் நடக்கக் கூடியவர்கள் நடங்கள். வெளியே போய் நடக்க வசதிப்படாத பெண்கள் வளவுக்குள் நடங்கள். தசை வேலை செய்தால், இன்சுலின் தள்ளாத சீனியையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். நெஞ்சு முட்டுகிறவர்களும் காலில் புண் உள்ளவர்களும் டொக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

சரி, இவ்வளவு வில்லங்கம் பிடித்த குளிசையை நிற்பாட்டிவிட்டால் என்ன?

கூடாது. சத்தமாகவே சொல்கிறேன், கூடாது! சீனி கூடுகிறது என்று பயந்து தானாக ஸ்டெரொயிட்டை நிற்பாட்டுவது துணிச்சல் ஆகாது. மூன்று கிழமைக்கு மேல் குளிசை போட்டவரின் கோர்டிசோல் சுரப்பிகள் ‘வெளியிலிருந்துதான் வருகிறதே’ என்று தூங்கிப் போயிருக்கும். திடீரென்று குளிசை நின்றால் அவை உடனே விழிக்காது. வாந்தி, தலைசுற்று, இரத்த அழுத்தம் விழுதல், மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், அந்தப் படியை டொக்டர்தான் போட வேண்டும். மூச்சு முட்டிச் சாகக் கிடந்தவரை எழுப்பி உட்கார வைத்ததும், மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காப்பதும், தொழுநோய் மருந்தின் இடையில் வீங்கும் நரம்பைக் காப்பாற்றிக் கைகால் முடமாகாமல் தடுப்பதும் இதே குளிசைதான். அதை எதிரியாக்காதீர்கள். அது செய்கிற நன்மையை வாங்கிக்கொண்டு, ஏற்றுகிற சீனியை வேறு மருந்தால் மடக்குங்கள். மடக்க வழி இருக்கிறது.

காலையில் போடுகிற ஐசோஃபேன் இன்சுலின் என்று ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிகளில் கலங்கல் நிறத்தில் கொடுப்பார்களே, அந்த வகை. அதன் வேகமும் போட்டு நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகே உச்சத்துக்கு வருவதால், காலை பிரட்னிசலோனோடு ஒரே அச்சில் ஓடும். சிலருக்குக் காலையில் கிளிக்ளசைட் குளிசையைக் கூட்டியே சமாளிக்கலாம். எது, எவ்வளவு என்பது டொக்டரின் வேலை. அந்த முடிவை எடுக்க அவருக்கு என்ன வேண்டும்? உங்கள் அஸர் எண்கள். அவை இல்லாமல் அவர் இருட்டில் துழாவுகிறார். 216ஐத் தாண்டி இரண்டு முறை வந்தால் சிகிச்சையை மாற்றச் சொல்கிறது பிரித்தானிய வழிகாட்டி. அவர்கள் அலகில் அது 12. உங்கள் கொப்பியில் அப்படி இரண்டு எண் விழுந்தால் அடுத்த மாதக் கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம். 300க்கு மேல் ஏறி, தாகம் அடங்காமல், அடிக்கடி சிறுநீர் போய், வாந்தியோ மயக்கமோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகள் எல்லாம் நம் வீட்டுக் கதவிலிருந்து எத்தனை மைல்? இந்த நாட்டில் அரச ஆஸ்பத்திரிக்குப் போக யாரும் காணி விற்க வேண்டியதில்லை. போவதற்குக் கால்தான் வேண்டும், வாயும் கொஞ்சம் வேண்டும்.

அந்த வாயைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம். கிளினிக்கில் நூறு பேர் வரிசை. உங்களுக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடம். “எப்படி?” என்று கேட்டால் “ஒண்டுமில்ல டொக்டர், பரவால்ல” என்று எழும்பி வருகிறோம்! மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், விலை பேசுகிறோம், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறோம். உடம்பு என்று வந்தால் மட்டும் ஊமையாகிறோம். கேளுங்கள்! எழுதியது ஸ்டெரொயிட்டா என்று கேளுங்கள். எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். “எனக்குச் சீனி இருக்கு, மருந்தை மாத்தணுமா?” என்று கேளுங்கள். தொய்வு பார்க்கிற டொக்டரும் சீனி பார்க்கிற டொக்டரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டுவது நீங்கள்தான். அந்த இரண்டு அறைகளுக்கும் இடையில் நடந்து போகிற ஒரே ஆள் நீங்கள்.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை 2021இல் பக்கத்து நாடு பார்த்தது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2020 ஜூனில், ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் நடத்திய ரிகவரி பரிசோதனை ஒரு நல்ல செய்தியைச் சொன்னது: கோவிட்டால் சுவாச இயந்திரத்தில் கிடந்தவர்களில் இறப்பை டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டெரொயிட் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. நாளுக்கு 6 மில்லிகிராம், கூடினால் பத்து நாள். 6 தானே என்று நினைக்க வேண்டாம், அது பிரட்னிசலோன் 40 மில்லிகிராமுக்குச் சமம். அதே பரிசோதனை இன்னொன்றையும் சொன்னது: ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு இதனால் பயன் இல்லை. முதல் பாதியைக் கேட்டவர்கள் பலர், இரண்டாம் பாதியைக் கேட்டவர்கள் கொஞ்சம். 2021 இரண்டாம் அலையில் இந்தியாவில் வீட்டில் இருந்தபடியே, மீட்டர் இல்லாமல், ஸ்டெரொயிட் விழுங்கியவர்கள் ஏராளம். சீனி கட்டுக்கடங்காமல் ஏறிய உடம்புகளில் கறுப்புப் பூஞ்சை நுழைந்தது. மூக்கிலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து மூளைக்கு. கண்ணை எடுத்து உயிரைக் காத்த வைத்தியர்களும் இருந்தார்கள், கண்ணை எடுத்தும் காக்க முடியாத உயிர்களும் இருந்தன. அந்த மே மாதம் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கின. ஜூலைக்குள் 40,000 பேருக்கு மேல் பிடித்திருந்தது. தில்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரன்தீப் குலேரியா, ஸ்டெரொயிட்டைத் தவறாகப் பயன்படுத்தியது முக்கியக் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார். மருந்து அதேதான். தேவையானவருக்குத் தேவையான நாளுக்குக் கொடுத்தபோது உயிர் காத்தது.

டெக்ஸாமெத்தசோனுக்கு அஸர்க் கணக்குப் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது ஒன்றரை நாளுக்கு மேல் உடம்பில் நிற்கிற ஆள், சுபஹுக்கும் சீனியை இறங்க விடாது. பிரட்னிசலோனையே காலை, இரவு என்று பிரித்துப் போடுகிறவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் வெறும் வயிற்றிலும் பார்க்க வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகும் பார்க்க வேண்டும். முழங்காலிலோ தோளிலோ போடுகிற ஸ்டெரொயிட் ஊசி “அந்த இடத்துக்கு மட்டும்தான்” என்பது பாதி உண்மை. பலருக்குச் சில நாள், சில வேளை ஒரு கிழமை சீனி ஏறும். மாதம் முந்திப் பிள்ளை பிறக்கும் அபாயம் உள்ள தாய்க்கு, பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்காக ஸ்டெரொயிட் ஊசி போடுவார்கள். பிள்ளையின் உயிர் காக்கிற ஊசி அது, மறுக்காதீர்கள் தங்கச்சி. கர்ப்பகாலச் சீனி உங்களுக்கு இருந்தால் அடுத்த நாலைந்து நாள் சீனியை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உறிஞ்சு குழாய் பாவிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். வழக்கமான அளவில் அதிலிருந்து இரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம், அதை விட்டுவிட்டுத் தொய்வு முற்றிக் குளிசையில் விழுவதுதான் நட்டம்.

பேர் எழுதாத மருந்துக்கு வருவோம், எனக்குப் பற்றி எரிகிற இடம் இது. சின்னப் பைக்கற்றில் நாலு நிறத்தில் குளிசைகள். மேலே “1-0-1” என்று மட்டும் ஒரு கிறுக்கல். மூட்டு வலி மூன்று நாளில் பறந்துவிடும், ‘கை ராசிக்காரர்’ என்று ஊர் புகழும். உள்ளே என்ன இருந்தது? யாருக்கும் தெரியாது. ‘இயற்கை மூலிகை’ என்று விற்கிற டப்பாக்களும் இதே ரகம். அமெரிக்காவில் மூட்டு வலிக்கு மூலிகை என்று விற்ற ஆர்ட்ரி கிங் என்ற குளிசைக்குள் சொல்லாமல் டெக்ஸாமெத்தசோன் கலந்திருந்ததை அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2022இல் கண்டுபிடித்து எச்சரித்தது. சட்டமும் ஆய்வுகூடமும் உள்ள நாட்டிலேயே அப்படி என்றால், நம் தெருவில் கேட்க வேண்டாமா? “பேரை எழுதித் தாங்க” என்று சொல்ல ஐந்து விநாடி போதும். எழுதித் தர மறுக்கிற கையிலிருந்து மருந்து வாங்காதீர்கள். உறவுக்காரராக இருந்தாலும், ஹஜ் முடித்தவராக இருந்தாலும் சரிதான்!

இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவீதம் பேருக்குச் சீனி வருத்தம் என்று 2018-19இல் நாடளாவிய முறையில் செய்த சுகாதார, முதுமை ஆய்வு கண்டது. நாலு பேரில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. ஜும்ஆவில் உங்கள் ஸப்பைத் திரும்பிப் பாருங்கள். அதில் எத்தனை பேர் தொய்வுக்காரர், எத்தனை பேர் மூட்டு வலிக்காரர்? ஆகவே நீங்கள் தனி ஆள் இல்லை. உங்கள் அஸர்க் கொப்பியைப் பக்கத்தில் இருக்கிறவருக்குக் காட்டினால் அவருக்கும் அது உயிர்.

நோன்பு வருகிறது என்றால், ஸ்டெரொயிட் போடுகிறவர் பிறை பார்க்கும் வரை காத்திருக்கக் கூடாது, ஒரு மாதம் முந்தியே டொக்டரிடம் போக வேண்டும். குளிசையின் நேரம் மாறினால் உச்சமும் மாறும். ஸஹருக்குப் போட்டால் முற்பகலில் ஏறும். நோன்பு திறந்து போட்டால், கஞ்சியும் சமோசாவும் சர்பத்தும் வயிற்றில் இறங்குகிற அதே இரவில் ஏறும். நோன்பு நேரத்தில் சீனி 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்று சர்வதேச நீரிழிவு வழிகாட்டி சொல்கிறது. விரல் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. நோயாளிக்கு அல்லாஹ்வே கொடுத்த சலுகையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு மயங்கி விழுவதில் என்ன பக்தி இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக, இறங்குகிற வழி. ஏறுவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், விழுவது இங்கேதான். 40இல் தொடங்கிய பிரட்னிசலோனை டொக்டர் 30, 20, 10 என்று இறக்குகிறார். ஏறிய சீனிக்காகக் கூட்டிய இன்சுலின் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. குளிசை இறங்கிய கிழமையில் ஒரு பின்னேரம் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கண் மங்கும். மீட்டர் 60 காட்டும். உடனே சீனி போட்ட தேத்தண்ணியோ மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்த தண்ணியோ குடியுங்கள், கால் மணித்தியாலத்தில் திரும்பப் பாருங்கள். இத்தனை நாள் ஒளித்து வைத்த சீனிப் போத்தலை அந்த நேரம் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குளிசை குறையும் கிழமைகளில்தான் அஸர்ச் சோதனை இன்னும் முக்கியம். எண் இறங்கத் தொடங்குகிறது என்று முதலில் சொல்வது அதுதான். டொக்டர் பேனாவை எடுத்துப் பிரட்னிசலோனை வெட்டும்போது கொப்பியை அவர் மேசையில் விரித்து வையுங்கள். “குளிசையைக் குறைக்கிறீங்க டொக்டர், அப்ப இன்சுலினை எவ்வளவு குறைக்கிற?” பதிலை எழுதி வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.